பதினைந்தாவது ஆள் எதற்கு?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆட்டம் ஒன்று 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். பயிற்சியாளர் கையில் பங்கு போட இருப்பது மொத்தம் 240 நிமிடம்தான். முதல் ஐவருக்குத் தலா 32, 33 நிமிடம் போனால் மீதி 75, 80 நிமிடம். அதை மூன்று நான்கு பேர் எடுத்துக்கொள்வார்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஓர் அணி முழு ஒப்பந்தத்தில் 15 பேரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இரவும் ஐந்தாறு பேர் பந்தையே தொடாமல் வீடு திரும்புகிறார்கள்.

இந்த ஐந்தாறு இடங்களைப் பற்றிப் பேசும்போது எப்போதும் வரும் பெயர் உடோனிஸ் ஹாஸ்லம். 2003 முதல் 2023 வரை மயாமி ஹீட் என்ற ஒரே அணியில் 20 பருவங்கள். மூன்று கோப்பைகள். கடைசி ஏழு பருவங்களில் ஒன்றில்கூட அவர் 20 லீக் ஆட்டங்களைத் தொடவில்லை. 2020-21 பருவத்தில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். இருந்தும் ஆண்டுதோறும் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. "அவர் இருந்தால் அணியின் கெமிஸ்ட்ரி நன்றாக இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கெமிஸ்ட்ரி என்பது என்ன, அது ஸ்கோர்போர்டுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். கெமிஸ்ட்ரி என்றால் நட்பு அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஷாகில் ஓ'நீலும் கோபி பிரையன்டும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் 2000, 2001, 2002 என மூன்று கோப்பைகளைத் தொடர்ந்து வென்றார்கள். ஒரு பிழை நடந்ததும் அதைத் திருத்த அணிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையே நான் கெமிஸ்ட்ரி என்று எடுத்துக்கொள்கிறேன். "நீ வர வேண்டிய இடத்துக்கு வரலை" என்று ஒருவர் சொல்லி, மற்றவர் "ஆமா, என் தப்பு" என்று சொல்ல ஒரு நொடி போதுமென்றால் அந்த அணியில் கெமிஸ்ட்ரி இருக்கிறது. அதற்கு ஒரு கூட்டமும் ஒரு சமாதானப் பேச்சும் இரண்டு நாள் மௌனமும் தேவைப்பட்டால் இல்லை.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எதிரணி பக்கவாட்டில் பிக் அண்ட் ரோல் ஆடுகிறது: ஒருவர் நம் தடுப்பாளரின் வழியை உடம்பால் மறிக்கிறார் (இதுதான் ஸ்க்ரீன்), பந்து வைத்திருப்பவர் அவரை ஒட்டிக் கடந்து போகிறார். பந்து வைத்திருப்பவரைத் தடுக்க நம் உயர ஆட்டக்காரர் மேலே, அதாவது கூடையை விட்டு வெளியே, ஏறுகிறார். ஸ்க்ரீன் போட்டவர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். எதிர்ப்பக்க மூலையில் நிற்கும் நம் தடுப்பாளர் உள்ளே வந்து, ஓடுபவரின் உடம்பில் மோதி வேகத்தைக் குறைக்க வேண்டும். அவருக்கு மேலே நிற்பவர் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலையில் இருப்பவர் அரை நொடி தாமதித்தால் பந்து மேலே பறக்கும், டங்க் விழும், அதாவது எகிறிப் பந்தைக் கூடைக்குள் திணித்துவிடுவார்.

அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேர் கண்ணுக்கும் இது உயர ஆட்டக்காரரின் தவறு, ஏனென்றால் அவருடைய ஆள்தானே கூடையில் போட்டார். மூலையில் நின்றவரின் தவறு என்பது அணிக்குள் மட்டுமே தெரியும். அவர் நெஞ்சைத் தட்டி "என்னுது" என்று கை தூக்கிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. உயர ஆட்டக்காரர் அடுத்த முறையும் நம்பி மேலே ஏறுவார். கை தூக்கவில்லை என்றால்? பழி தன் மேல் விழுகிறதே என்று அவர் அடுத்த முறை ஒரு அடி பின்னாலேயே நிற்பார். இப்போது பந்து வைத்திருப்பவருக்கு மூன்று புள்ளி ஷாட் தாராளமாகக் கிடைக்கிறது. அவரைத் துரத்திய நம் கார்டு (வெளிவட்ட ஆட்டக்காரர்) கத்துவார், "மேலே வா!" ஐந்தாறு முறை பந்து கை மாறுவதற்குள் மூன்று பேர் மூன்று விதமாகத் தடுத்துக்கொண்டிருப்பார்கள். திட்டம் சரியானது, ஆட்களும் திறமைசாலிகள். பிழையை ஏற்றுக்கொள்ள ஒருவர் தயங்கியதால் மட்டுமே தடுப்பு சிதைந்தது. புள்ளிவிவரத் தாளில் இதில் ஒரு வரிகூட வராது.

சரி, இந்தத் திருத்தம் பயிற்சியில் நடக்கக்கூடாதா? நடக்கலாம், நேரம் இருந்தால். ஆறு மாதத்துக்கும் குறைவான காலத்தில் 82 ஆட்டங்கள், அதில் பாதி வெளியூரில். பருவத்தின் நடுவில் முழு வேகத்தில் ஐந்துக்கு ஐந்து பயிற்சி செய்ய நாள் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் ஆட்களின் கால்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதனால் திருத்தமெல்லாம் விமானத்திலும், வீடியோ அறையிலும், உடைமாற்றும் அறையிலும், பெஞ்சிலும்தான் நடக்கிறது. களத்துக்கு வெளியே ஒரு வீரருக்கு மதிப்பு உருவாகும் இடம் இதுதான்.

அந்த வேலைகளில் எனக்கு முதலாவதாகத் தோன்றுவது எதிரணி வேடம் போடுவது. நாளைக்கு மோதப்போகும் அணியின் ஐந்தாறு நகர்வுகளை இன்று காலையில் பார்த்து மனப்பாடம் செய்து, முதல் ஐவருக்கு எதிராக அதே வேகத்தில் ஆடிக் காட்ட வேண்டும். இங்கேதான் பல அணிகள் ஏமாறுகின்றன. அனுபவசாலி என்று கொண்டுவந்த மூத்தவரால் அந்த வேகத்தில் ஓட முடியாவிட்டால், முதல் ஐவர் ஒத்திகை பார்ப்பது நிஜத்தில் இல்லாத ஓர் எதிரியை. நல்ல மனிதர் என்ற ஒரே காரணத்துக்காக ஆளைச் சேர்க்கக் கூடாது. அவருக்கு இன்னும் கால் இருக்க வேண்டும்.

பெஞ்சிலிருந்து வரும் குரலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆட்டத்தின் ஒரு பாதியில் நம் தடுப்பு நம் பெஞ்சுக்கு முன்னால் நடக்கும். மறுபாதியில் எதிர்முனைக்குப் போய்விடும். முன்னால் நடக்கும் பாதியில் "இடது ஸ்க்ரீன்! இடது ஸ்க்ரீன்!" என்று பெஞ்சிலிருந்தே எச்சரிக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பழகிவிட்ட இளைஞர்கள் மறுபாதியில் ஊமையாகிவிடுவார்கள். நல்ல மூத்தவர் இதை அறிந்து, வேண்டுமென்றே சில முறை வாயை மூடிக்கொண்டு, களத்தில் இருப்பவரைப் பேச விடுவார்.

வெளியே அழைக்கப்பட்டவர் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். மூச்சு வாங்கும்போது எதைச் சொன்னாலும் ஏறாது. தண்ணீர் குடித்து, தோள் இறங்கும் வரை காத்திருந்து, ஒரே ஒரு விஷயம், அதுவும் அடுத்து செய்ய வேண்டியதாக: "அடுத்த தடவை ஸ்க்ரீனுக்கு மேல் பக்கமா போ." மூன்று விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது. டைம் அவுட்டில் பயிற்சியாளர்கள் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சில நொடிகளும் வீரர்களுக்கே உரியவை. "நீ விட்ட, இவன் பிடிச்சான், போச்சு, விடு" என்று கணக்கு தீர்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சண்டை வந்தால் கெமிஸ்ட்ரி கெட்டுவிட்டது என்று உடனே எழுதிவிடுவார்கள். 2022 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஜிம்மி பட்லரும் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் ஹாஸ்லமும் கேமரா முன்னாலேயே கடுமையாக மோதிக்கொண்டார்கள். அந்தப் பருவத்தைக் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் முடித்தது அதே ஹீட் அணிதான். அந்தச் சண்டைதான் அவர்களை ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்லவில்லை. கோபத்தை வெளியே கொட்டிவிட்டு மறுநாள் ஒன்றாக வேலைக்கு வர முடிந்தது என்பதே எனக்கு முக்கியம். யாரும் யாரையும் எதுவும் சொல்லாத அணியைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

பணக் கணக்கும் இதில் உண்டு. மூத்த வீரர் ஓராண்டுக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் வந்தால், இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவரின் குறைந்தபட்சச் சம்பளம்தான் அணியின் கணக்கில் ஏறும். மிச்சத்தை லீக் ஏற்றுக்கொள்கிறது. வயதானவர் விலை அதிகம் என்று அணிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கான விதி அது. ஆகவே உண்மையான செலவு பணமில்லை, அந்த நாற்காலி. அங்கே வளர்த்தெடுக்கக்கூடிய 21 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கலாம். மூத்தவர் அவனைவிட அதிகமாகக் கொடுக்கிறாரா என்று ஆண்டுதோறும் கேட்டாக வேண்டும்.

ஆடாதவரை மட்டும் பேசினால் படம் பாதிதான். வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த சக வீரர் விருது ஒன்று 2012-13 பருவத்திலிருந்து இருக்கிறது. 1958இல் ஆட்டத்தின்போது விழுந்து, பின்னர் உடல் செயலிழந்துபோன மாரிஸ் ஸ்டோக்ஸையும், அவருக்குச் சட்டப்படி பாதுகாவலராகி 1970இல் அவர் இறக்கும் வரை பார்த்துக்கொண்ட சக வீரர் ஜாக் ட்வைமனையும் நினைவுகூரும் விருது அது. டிம் டங்கன், டர்க் நோவிட்ஸ்கி, மைக் கான்லி, மூன்று முறை ஜ்ரூ ஹாலிடே என்று அந்தப் பட்டியலில் நன்றாக ஆடிய பெயர்கள்தான் நிறைய. இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. தானும் களத்தில் அடி வாங்குகிறவர் சொன்னால் சொல்லுக்கு எடை கூடுகிறது.

அந்த எடைக்கு ஆந்த்ரே இகுவோடாலாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2014-15 பருவத்துக்கு முன் தான் ஆடிய 758 லீக் ஆட்டங்களிலும் முதல் ஐவரில் ஒருவராகவே இறங்கியவர். அந்த ஆண்டு வாரியர்ஸுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் ஒத்துக்கொண்ட பிறகு அந்த அணியில் வேறு யார் நிமிடம் குறைந்தது என்று முணுமுணுக்க முடியும்? இறுதிச்சுற்றில் 1-2 எனப் பின்தங்கியபோது, முந்தைய ஆண்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இறுதிச்சுற்றில் செய்த மாற்றத்தை வீடியோவில் பார்த்த இளம் உதவியாளர் நிக் யு'ரென், இகுவோடாலாவை முதல் ஐவரில் இறக்கலாமே என்றார். இறக்கினார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களும் வெற்றி, இகுவோடாலாவுக்கே இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது. பெஞ்சுக்குப் போகச் சம்மதித்த நட்சத்திரம், யோசனை சொல்லப் பயப்படாத இளைஞர், அதைக் கேட்ட தலைமைப் பயிற்சியாளர். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த மாற்றம் நடந்திருக்காது.

காலம் கொடுக்காமல் இதை வாங்கவே முடியாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா அவசரமாகத் திரட்டிய என்.பி.ஏ. ஆட்கள் போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 எனத் தோற்றார்கள், வெண்கலத்தோடு திரும்பினார்கள். அதன்பின் அமெரிக்க அணியின் பொறுப்பை ஏற்ற ஜெர்ரி கொலாஞ்சலோ வீரர்களிடம் கேட்டது மூன்று ஆண்டுக் கால உறுதி. 2008இல் தங்கம் வந்தது.

இதையெல்லாம் எண்ணில் பிடிக்க முடியுமா? ஓரளவு. ஐவர் கூட்டணியின் ப்ளஸ்-மைனஸை (அவர்கள் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை) வைத்து "இவர்களுக்குள் நல்ல கெமிஸ்ட்ரி" என்று முடிவு கட்டுவது ஆபத்து. 100 நிமிடம் ஆடினால் எதிரணிக்குப் பந்து கையில் வரும் வாய்ப்பு சுமார் 200, அதில் ஏறக்குறைய 70 மூன்று புள்ளி ஷாட். அவை 35 சதவீதத்துக்குப் பதில் 40 சதவீதம் விழுந்தால் பத்துப் புள்ளி கூடுதல். 100 வாய்ப்புக்கு ஐந்து புள்ளி. நல்ல கூட்டணியைச் சுமாரானதாகக் காட்ட அவ்வளவே போதும், அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம். 2008-09 பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் வீரர்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுப்பதை, கை கோப்பதை எண்ணிய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பருவத்தின் பிற்பகுதியில் நன்றாக ஆடின. சம்பளத்தையும் தொடக்க ஆட்டத்திறனையும் கழித்துப் பார்த்தும் அந்தத் தொடர்பு நின்றது. அதைப் படித்துவிட்டுக் கட்டாயக் கைதட்டல் விதி போடும் பயிற்சியாளர்கள் காய்ச்சலைக் குறைக்கத் தெர்மாமீட்டரை ஐஸில் வைக்கிறார்கள்.

நான் எண்ணச் சொல்வது வேறு. ஸ்க்ரீன் உடம்பில் படுவதற்கு முன்பே அது வாயால் சொல்லப்பட்டதா? பத்து முறையில் எட்டு என்றால் நல்ல தடுப்பு, ஐந்து என்றால் பேச வேண்டியிருக்கிறது. விழுந்தவரைத் தூக்க எத்தனை பேர் வந்தார்கள்? வெளியே வந்தவர் பெஞ்சின் கடைசி நாற்காலிக்குப் போகிறாரா, பயிற்சியாளருக்கு அருகில் உட்காருகிறாரா?

ஆளைச் சேர்க்கும்போது அவருடைய பழைய பயிற்சியாளரை மட்டும் கேட்டால் நல்ல வார்த்தைதான் வரும். உடற்பயிற்சி நிபுணரையும் உடைமைகளைக் கவனிப்பவரையும் கேளுங்கள். அவருடைய நிமிடங்கள் குறைக்கப்பட்ட மாதத்தின் வீடியோவை எடுத்து, தடுப்புக்குத் திரும்பி ஓடும் வேகத்தை மட்டும் பாருங்கள். முகத்தை அடக்கிக்கொள்ளலாம், காலை அடக்க முடியாது. நட்சத்திரத்தின் நண்பர் என்பதற்காகச் சேர்க்கப்படுபவர் நட்சத்திரத்திடம் உண்மை பேசமாட்டார். அவரைச் சுற்றி ஒரு தனிக் குழு உருவாகும். உடைமாற்றும் அறையில் பேசியதைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோகிறவர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அந்த மூத்தவரின் வேலை அன்றோடு முடிந்தது.

வீடியோ அறைக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் சொல்வேன். பிழை நடந்த இடத்தில் காட்சியை நிறுத்தாதீர்கள். அதே ஐவர் அதற்கடுத்து தடுத்த இரண்டு முறையையும் சேர்த்து ஓட விடுங்கள். மூலையில் நின்றவர் கை தூக்கினாரா, உயர ஆட்டக்காரர் மறுபடி மேலே ஏறினாரா என்பது அந்த இரண்டில்தான் தெரியும்.