தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினோம்

செங்கல்பட்டுப் பக்கம் நாலு ஏக்கர். உறவும் நட்புமாகச் சேர்ந்து வாங்கி, மனை பிரித்து வீடு கட்டிக்கொள்வதாகத் திட்டம். லேஅவுட் வரைந்தவர் திறந்தவெளியை, அதாவது ஓஎஸ்ஆர் நிலத்தை, வடமேற்கு மூலையில் ஒதுக்கியிருந்தார். சாலை போக மீதி 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதில் 10 சதவீதத்தை விட்டு உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் சாலை போக 12,000. ஆக 1,200 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 சென்ட். “எப்படியும் கையை விட்டுப் போற நிலம் சார், விலை போகாத மூலையில தள்ளிடலாம்” என்றார்.

ஐப்பசி மழையில் குடையோடு போய் நின்று பார்த்தேன். அந்த மூலை மேடு. தண்ணீர் முழுக்கத் தென்கிழக்குப் பள்ளத்துக்கு ஓடிற்று. அங்கே அவர் நாலு மனை போட்டிருந்தார். பள்ளத்தை ஓஎஸ்ஆர் ஆக்கி, மனைகளை மேட்டுக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு மாதம் சண்டை. 2015 வெள்ளத்தில் ஆளுக்கொரு கதை இருந்ததால்தான் ஜெயித்தேன். மற்றபடி என் பேச்சை யார் கேட்டார்கள்?

அந்த ஓஎஸ்ஆர் நிலத்தில் மரம் நடுவதில் நானே சொதப்பினேன். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினமாம். போட்டோவெல்லாம் எடுத்து நட்டோம். வடகிழக்குப் பருவமழையை நம்பும் ஊரில் அது கொளுத்தும் வெயில்காலம். டேங்கர் தண்ணீர் ஊற்றியும் முக்கால்வாசி கருகிப்போனது. மறுமுறை புரட்டாசிக் கடைசியில் நட்டோம். புங்கன், நாவல், பூவரசு, நுணா, வேலியோரம் ஆவாரை. ஏற்கெனவே நின்ற பனைகளையும் எருக்கையும் தொடவில்லை. நிலம் இப்போது பஞ்சாயத்துக்குச் சொந்தம் என்பதால் நடுவதற்கும் மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நர்சரிக்காரர் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அழகு மரத்தைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். “சீக்கிரம் வளரும், இலையில ஒரு ஓட்டைகூட விழாது சார்.” அந்த ஒரு வார்த்தையே அதை வேண்டாம் என்று சொல்லப் போதுமானதாக இருந்தது. புழு தின்னாத இலையில் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்? குருவி தன் குஞ்சுக்கு எதைக் கொண்டுபோய் ஊட்டும்?

கொசுவுக்குப் பயந்தவர்களுக்குப் பதில் சுலபம். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். பள்ளத்தின் மண்ணைக் கிளறி, மழை விட்ட நாலைந்து நாளில் வற்றும்படி செய்தோம். பாம்புக்குத்தான் பதில் இல்லை. சாரை இரண்டு முறை தெருவைக் கடந்தது. எலி பிடிக்கத்தான் வருகிறது, விஷமில்லை என்று எவ்வளவு சொன்னாலும் பயம் பயம்தான். புதரைப் பாதையிலிருந்து பத்தடி தள்ளி வெட்டி விட்டோம். முழுக்க மழித்துவிட ஒப்புக்கொள்ளவில்லை. இரவில் பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சாகாமலிருக்கத் தெருவிளக்குகளுக்கு மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்பும் பேச்சு மூன்று கூட்டமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றார். பாதி இலை இல்லை. பச்சைப் புழு ஒன்று தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. “உங்க காட்டால வந்ததுதானே?” கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு என்றேன். சாம்பாருக்கு என் வீட்டுச் செடியிலிருந்து ஒடித்துக்கொண்டு, புழு இருந்த கொத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.