மாமனாருக்குக் குளிர்ந்தால் குழந்தைக்கு ஸ்வெட்டர்

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்வார்கள். சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்தில் 'குளிர் பழகாத மனிதர்கள்' என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். என் மாமனாரே சாட்சி. அக்னி நட்சத்திரத்தில் குடை இல்லாமல் நேதாஜி மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருபவர், மார்கழி மாதம் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கும்போதுகூட மப்ளர் கட்டிக்கொள்வார்.

நாங்கள் இருப்பது ஏலகிரி மலையில், அத்தனாவூரில். பழைய வடாற்காடுதான். 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதிலிருந்து மாமனார் இதை 'உங்கள் மாவட்டம்' என்கிறார். ஊட்டிக்காரர்கள் எங்கள் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வாடகைக்கு இருப்பது பழைய ஓட்டு வீடு. ஓடுகளுக்கு நடுவே வானம் தெரியும், கதவுக்கு அடியில் பூனை வந்து போகும். விடியற்காலையில் அறைக்குள்ளேயே வெப்பமானி 15 டிகிரி காட்டும். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் கூடாது என்று கார்த்திகைக் கடைசியிலேயே மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்து வந்துவிட்டோம். நாள் நல்ல நாள்தான், குளிர்தான் அதற்குக் கட்டுப்படவில்லை.

பின்னாலேயே மாமனாரும் வந்து சேர்ந்தார். ஏலகிரிச் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மயிலுக்குப் போர்வை தந்த பேகனுக்கும் ஒரு வளைவு உண்டு. அதைக் கடந்து வந்த மாமனார் பேகனையே தோற்கடிக்கும் முடிவோடு இருந்தார். மூட்டையை அவிழ்த்தால் கம்பளி, ரஜாய், கையுறை, காலுறை, எல்லா நிறத்திலும் மங்கி குல்லா. ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் ஒன்றும் இருந்தது. அது சூடாக இருக்க வேண்டும் என்று அதையும் ஒரு சால்வையில் சுற்றியிருந்தார்.

கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் மனைவி கேட்டு வைத்திருந்தாள். அறை 20, 22 டிகிரி இருந்தால் தாராளம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை குழியாமல் தட்டையாக இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. முகத்தை மூடினால் தள்ளிவிடக் குழந்தைக்குத் தெரியாது. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவும் வேண்டாம், அதிகமாகும் சூடு தலை வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிரைவிட அதிகச் சூடுதான் தூங்கும் சிசுவுக்கு ஆபத்து என்று அவர் அழுத்திச் சொன்னார். கடைசியாக ஒரு விதி: ஒரு பெரியவருக்கு வசதியாக இருக்கும் உடையைவிடக் குழந்தைக்கு ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும்.

எந்தப் பெரியவர் என்று மருத்துவர் சொல்லவில்லை. சண்டை அங்கேதான் தொடங்கியது.

மாமனார் அந்த விதியை ஏற்றுக்கொண்டார். அப்போது அவர் உடம்பில் பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. "ஆக எனக்கு நான்கு, பேரனுக்கு ஐந்து. கணக்குச் சரிதானே மாப்பிள்ளை?" என்றார். கணக்கு சரிதான். அதைக் கேட்டுக்கொண்டே முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்த என் ஆயாவுக்கு எண்பது வயது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், தையிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவள். உடம்பில் ஒரு நூல்புடவை, ரவிக்கை. "அப்படியானால் என்னைப் பாருங்கள் சம்பந்தி. குழந்தைக்கு ஒரு சட்டை, அதன் மேல் ஒரு சட்டை. முடிந்தது" என்றாள்.

இருவரும் பெரியவர்களே. யாரை அளவுகோலாக வைப்பது என்று தீர்ப்பு சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மருமகன் என்ற பதவிக்கும் பேரன் என்ற பதவிக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து.

வருகிறவர்கள் வேறு. குழந்தை பார்க்க வரும் ஒவ்வொருவரும் முதலில் பிடிப்பது காலைத்தான். "ஐயோ, ஜில்லென்று இருக்கிறதே!" என்பார்கள். சிசுவின் கையும் காலும் ஜில்லென்றுதான் இருக்கும், அது இயல்பு. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போன மனைவி, 'பிடரி மட்டும்' என்று காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். பால்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் பிடரியைத் தடவிக்கொண்டே போனார்.

பிடரிதான் வழக்கையும் முடித்தது. மாமனாரின் ஐந்து அடுக்கோடு குழந்தை முட்டைக்கோஸ் போலக் கிடந்து சிணுங்கியபோது மனைவி கழுத்துக்குப் பின்னால் கை வைத்தாள். வேர்த்திருந்தது. முகம் சிவந்திருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டு அடுக்கு மிஞ்சியபோது குழந்தை சிரித்தது. ஆயா பருப்பிலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் முறம் போட்ட சத்தத்தில் வெற்றி தெரிந்தது.

ஆனால் ஆயாவின் வெற்றியும் நீடிக்கவில்லை. இரவு இரும்புச் சட்டியில் கரி நெருப்பு போட்டு அறைக்குள் தூக்கி வந்தாள். புகையே வராத அளவுக்குக் கனிந்த கரி. நான் வாசலிலேயே மறித்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நிறம் கிடையாது, மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்றேன். "கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்றாள். பதில் சொல்வதற்குள் மாமனார் சட்டியை வாங்கித் திண்ணைக்குக் கொண்டுபோய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். படுத்தால் குழியும் புடவைத் தூளியான ஏணையையும் இரவுக்கு வேண்டாம் என்றதில் ஆயாவுக்கு என்மேல் இன்னும் வருத்தம். ஏணையில் தூங்கி வளர்ந்தவன்தானே நீ என்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது ஹீட்டர். கம்பி சிவக்கும் வகையை விட்டுவிட்டு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வாங்கினோம். அதில் நெருப்பாகத் தெரிவது எதுவும் இல்லை. ஹீட்டர் அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் எச்சரித்தார். தின்பது கரிச்சட்டி, மின்சார ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, காற்றை வறண்டதாக உணர வைக்கும், அவ்வளவே. ஆனால் அது தின்னும் மின்சாரம் 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ சொருகினால் வயர் உருகும். எலெக்ட்ரீஷியன் வந்து 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர் இழுத்தார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டின் மதிப்பு கூடிவிட்டதாகச் சொல்லி வாடகைப் பேச்சை எடுத்தார்.

படுப்பதற்கு முன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுவோம். கட்டிலையும் திரையையும் விட்டு ஒரு மீட்டர் தள்ளித்தான் ஹீட்டர் நிற்கும். மாமனார் மட்டும் ஈரத் துணியைக் காயப்போடும் கம்பியாக அதைப் பார்ப்பார். விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கதவிடுக்கில் பழைய புடவையை முறுக்கி வைத்தோம். தொட்டிலை வெளிச்சுவரிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். செலவே இல்லாத இந்த இரண்டும் ஹீட்டர் செய்ததில் பாதியைச் செய்தன. வெப்பமானி 21-இல் நின்றது. மே மாதம் வேலூர் வீட்டில் ஏசியை 21-இல் வைத்துக்கொண்டு 'ஆஹா' என்று தூங்குகிற மாமனார், அதே 21-ஐப் பார்த்து "பாவம் பிள்ளை" என்றார்.

போர்வைக்குப் பதிலாகக் கையில்லாத, கால்பக்கம் மூடிய ஓர் உறையை அத்தனாவூர்த் தையல்காரரிடம் தைக்கக் கொடுத்தோம். உள்ளே ஆயாவின் நூல்புடவை, வெளியே ஃபிளானல். கழுத்து இறுக்காமல், ஆனால் தலை உள்ளே நழுவாத அளவில் இருக்க வேண்டும் என்று மனைவி படம் போட்டே காட்டினாள். கச்சிதமாகத் தைத்துவிட்டார். கூடவே மார்பில் ஒரு பாக்கெட்.

"இது எதற்கு?"

"பார்க்க வருகிறவர்கள் காசு கொடுத்தால் எங்கே வைப்பான்?"

குழந்தை அதற்குள் சுகமாகத் தூங்குகிறான். திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமனார் நேற்று மெதுவாகக் கேட்டார், பெரிய அளவில் தைக்க எத்தனை மீட்டர் துணி ஆகும் என்று. தையல்காரர் நாளை அளவெடுக்க வருகிறார். பாக்கெட் இரண்டாக இருக்கட்டும், ஒன்று மூக்குக் கண்ணாடிக்கு என்று இப்போதே சொல்லியனுப்பிவிட்டார்.