கிணற்றடியில் ஓர் ஆறுமணிக்குருவி

கோடியக்கரைக்கு நான் போனது பூநாரைகளைப் பார்க்கத்தான். அக்டோபர் கடைசி வாரம். வேதாரண்யத்தில் பேருந்து மாறும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. அகத்தியம்பள்ளி உப்பளங்களில் மழைத்தண்ணீர் நின்று, எது பாத்தி எது வானம் என்று தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது.

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்ததில் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கூட்டிப்போயிருக்கலாமோ என்ற ஒரே கேள்வி விடியும்வரை சுற்றிச் சுற்றி வரும். "எங்கேயாவது போய் நாலு நாள் இருந்துட்டு வா" என்று அம்மாதான் அனுப்பி வைத்தார்.

இரண்டாம் நாளும் மழை. சரணாலயப் பாதை முழுக்கச் சேறு, வண்டி போகாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று தங்கியிருந்த வீட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். எதிரே கிணறு, ஒரு புங்கமரம், அதன் அடியில் ஈரச் சருகு. மதியத்துக்கு மேல் மழை விட்டது.

சருகு அசைந்தது. ஓணானாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு இலை புரண்டு விழுந்தது. அதன் பின்னால் நின்றது ஒரு குருவி.

மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. முதுகு பச்சை, தோளில் பளீரென்று ஒரு நீலத் துண்டு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வயிறு மங்கிய மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் இதை நவ்ரங் என்கிறார்கள், ஒன்பது நிறம். தமிழில் ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் வந்த பேர். எனக்கு நிறத்தைவிட நேரத்தைச் சொல்லும் இந்தப் பேர்தான் பிடிக்கும்.

இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிற பறவை இது. பயணம் இரவில். அலுத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில் இறங்கிவிடுவதும் உண்டு. சில கடல் தாண்டி இலங்கை வரை போகும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவது இப்படி வந்துபோகிறவர்களின் வழியை அறியத்தான். இதன் காலில் வளையம் எதுவும் தெரியவில்லை.

எனக்கும் அதற்கும் பத்தடிகூட இருக்காது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அது இரண்டு தத்து தத்தி நின்றது, இலையைப் புரட்டியது, ஒரு மண்புழுவை இழுத்தது. பாதி இழுத்ததும் புழு அறுந்தது. மீதியைத் தேடி அதே இடத்தைக் கொத்தியது. பிறகு அடுத்த இலை. எத்தனை இரவு பறந்து வந்ததோ, இன்னும் எவ்வளவு தூரம் பாக்கியோ. இப்போதைக்கு இந்த இலைக்கு அடியில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு.

வீட்டுக்கார அம்மா விளக்குமாற்றோடு வந்தார். நான் கையைக் காட்டினேன். பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"வருசா வருசம் இந்த மழையோட வரும் தம்பி" என்றார், குரலைத் தாழ்த்தி. "கெடக்கட்டும், நாளைக்குக் கூட்டிக்கிறேன்."

கால் மரத்துப்போயிருந்தது. எழுந்திருக்க மனமில்லை. வெளிச்சம் மங்கியதும் குருவி கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டே சுரமாக ஒரு சீழ்க்கை அடித்தது. மறுபடியும். காட்டுப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொன்னது. மணி பார்த்தேன்: ஆறாக எட்டு நிமிடம். அப்போதுதான் உறைத்தது, மூன்று மணி நேரமாக அந்தக் கேள்வி என் பக்கமே வரவில்லை.

மறுநாள் நான் கண் விழித்தபோது மணி ஏழு. அவசரமாகப் பின்வாசலுக்குப் போனேன். சருகு அசையவில்லை.

"போயிடுச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரியலைம்மா."

விளக்குமாற்றைக் கிணற்றில் சாய்த்து வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனார்.