பெங்களூர், சென்னை, டெல்லி, ஈரோடு

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பாகப்பிரிவினை, விவாகரத்து என்று ஊரார் வீட்டு ரகசியமெல்லாம் என் மின்னஞ்சலில் வந்து போகிறது. இனிமேல் அஞ்சலை, பெறுபவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பலாம் என்று மதுரை வக்கீல் அம்மா ஒருவர்தான் பேச்சை எடுத்தார். இருவர் கணினியிலும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இருந்தது நல்லதாகப் போயிற்று. முன்பெல்லாம் இதற்கு எனிக்மெயில் என்ற துணைநிரலைத் தனியாக நிறுவ வேண்டும். 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல், அஞ்சலைப் பூட்டும் ஓபன்பிஜிபி முறை உள்ளேயே இருக்கிறது.

கணக்கு அமைப்புகளில் குறியாக்கப் பகுதிக்குப் போய்ப் புதுச் சாவி கேட்டால், பொதுச் சாவியும் தனிச் சாவியுமாக ஒரு ஜோடி தயாராகிவிடும். பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம்; அதனால் பூட்டத்தான் முடியும். திறக்கிற தனிச் சாவி நம்மிடமே இருக்கும்.

பலர் பொதுச் சாவிகளைப் பரிமாறிக்கொண்டதோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வக்கீல் அம்மாவின் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு சாவியை உருவாக்கி எனக்கு அனுப்பலாமே! அதைக் கண்டுபிடிக்கத்தான் சாவியின் விரல்ரேகை: 40 இலக்கங்கள், எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்தவை. அதையும் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்கினால், திருடனிடமே சாட்சி கேட்ட கதைதான். பழகிய குரலில், போனில் கேட்க வேண்டும்.

அவர் படிக்கப் படிக்க நான் திரையில் ஒப்பிட்டேன். பி, சி, டி, ஈ நான்கும் போனில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இரண்டாவது வரியிலேயே, “தம்பி, ஊர்ப்பெயராகவே சொல்லிவிடுகிறேன். ஈரோடு, ஒன்பது, டெல்லி, டெல்லி, பெங்களூர், நான்கு” என்று ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு தடங்கலே இல்லை. நீதிமன்றத்தில் குரல் கொடுத்துப் பழகியவர் அல்லவா!

தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் வைக்காவிட்டால், நம் கணினியில் உட்காருகிற எவரும் அஞ்சலைத் திறந்து படித்துவிடலாம். தனிச் சாவியின் நகலை ஒரு பென்டிரைவில் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். கணினியில் உள்ள சாவியும் இந்த நகலும் சேர்ந்தே தொலைந்தால் பழைய அஞ்சல்களை யாராலும் மீட்டுத் தர முடியாது.

யார் யாருக்கு, எப்போது எழுதினார்கள் என்பதை இந்தப் பூட்டு மறைக்காது. தலைப்பு வரியைத் தண்டர்பேர்ட் மறைக்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. அதனால் கட்சிக்காரர் பெயரையும் வழக்கு எண்ணையும் தலைப்பில் எழுதும் வழக்கத்தை இருவரும் விட்டுவிட்டோம்.