கருப்புன்னு நெனச்சோம்

வேடந்தாங்கல்ல வெயிலுக்கு முதுகைக் காட்டி ஒரு அரிவாள் மூக்கன் நின்னுச்சு. வெள்ளை இல்ல, கருப்பா இருக்கற சின்ன வகை. "காக்கா மாதிரி இருக்குப்பா"ன்னு மக முகம் சுளிச்சா. லேசா திரும்புச்சு பாருங்க... இறக்கையில பச்சை, செம்பு, ஊதா!

இத்தனைக்கும் அந்த இறகுல பச்சைச் சாயமே கிடையாது. இருக்கறது மெலனின்ங்கற கருப்புச் சாயம், நம்ம தலைமுடியில இருக்கற அதே சரக்கு. அதுக்கு மேல கெரட்டின் (நம்ம நகத்துல இருக்கற புரதம்) ஒரு மெல்லிய படலம். முடியோட தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட வராது. படலத்தோட மேலயும் அடியிலயும் பட்டுத் திரும்பற ஒளி ஒண்ணோட ஒண்ணு மோதி, சில நிறத்தைத் தூக்கிவிடும், சிலதை அமுக்கிடும். ரோட்டுல மழைத்தண்ணி மேல பெட்ரோல் சிந்தினா மின்னுமே, அதேதான். (பூநாரை கதை வேற. அது ரோஸ் ஆகறது தின்ற தீனியால.)

மேகம் மூடுச்சு. மறுபடி காக்கா கலர்.