காந்த எல்லை அலைகள்: பிஎச்.டி. நேர்காணலுக்குப் படித்த விதம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, விண்வெளி பிளாஸ்மாவில் பிஎச்.டி. நேர்காணலுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு இது. கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மையை, அதாவது வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு பாய்மங்களின் எல்லையில் அலை வளர்வதை, நாம் சமன்பாடாக மனப்பாடம் செய்கிறோம். என்னிடம் சமன்பாட்டைக் கேட்கவேயில்லை. சூரியக் காற்றை (சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள் ஓட்டத்தை) பூமியின் காந்தப்புலம் தடுத்து நிறுத்தும் காந்த எல்லையை வரைந்து, அலை எங்கே வளரும் என்று காட்டச் சொன்னார்கள்.

அதனால் முதலில் படம். சூரியனைப் பார்த்த பக்கம் எல்லை ஏறக்குறைய 10 புவி ஆரத் தொலைவில் இருக்கும். அந்த முனையில் சூரியக் காற்றின் ஓட்டம் தேங்கிவிடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் வேக வித்தியாசம் கிடைப்பது பக்கவாட்டில்தான். கே.ஆர்.பி. அணை நீர்மேல் காற்று அலை எழுப்புவதும் இதே வேக வித்தியாசத்தால். ஆனால் நீரின் பரப்பு இழுவிசை எல்லாத் திசையிலும் ஒன்றுபோலத் தடுக்கும். காந்த இழுவிசை, அலை ஓடும் திசையில் புலத்தின் கூறு இருந்தால் மட்டுமே தடுக்கும். புலத்துக்குச் செங்குத்தாக ஓடும் அலை கோடுகளை வளைப்பதே இல்லை. இந்த ஒரு வரி புரிந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்தன.

எண்களைப் போட்டும் பாருங்கள். வெளியே கன செ.மீ.க்கு 10 புரோட்டான், உள்ளே 1, அலைத் திசையில் புலத்தின் கூறு இருபுறமும் 10 நானோடெஸ்லா. அமுங்காப் பாய்மம் என்று வைத்தால், அலை வளர நொடிக்குச் சுமார் 320 கி.மீ. வேக வித்தியாசம் தேவை. இருபுறமும் புலக்கூறு 5 ஆனால் தேவையும் பாதியாகும்.

அடுத்து வரும் கேள்வி கொஞ்சம் கடினம். 2001 நவம்பர் 20 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிளஸ்டர் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்கள் சுருண்ட சுழல்களைப் பிடித்தபோது சூரியக் காற்றின் புலம் வடக்கு நோக்கி இருந்தது. அலை வளர்வதற்கான நிபந்தனையில் புலம் வர்க்கமாகத்தான் வருகிறது. வடக்கும் தெற்கும் அதற்கு ஒன்றே. பிறகு ஏன் புலம் வடக்கு நோக்கும்போது அலை அதிகம் தெரிகிறது? புலம் தெற்கே திரும்பினால் பகல் பக்கத்தில் காந்த மறுஇணைப்பு (புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைவது) வலுத்து எல்லையைக் கலைக்கிறது, சுழல்கள் ஒழுங்கில்லாமல் போகின்றன. நேரியல் கோட்பாட்டில் இதற்கு விடை இல்லை என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கும்.

புதன் கோளையும் விடாதீர்கள். அதைச் சுற்றிய நாசாவின் மெசஞ்சர் விண்கலம் கண்ட அலைகள் பெரும்பாலும் மாலைப் பக்கத்தில். புதனில் காந்தக்கோளம் (காந்த எல்லைக்குள் உள்ள பகுதி) சிறியது, அயனிகளின் சுழல் ஆரத்தை (அவை புலக் கோட்டைச் சுற்றும் வட்டத்தின் ஆரத்தை)ப் புறக்கணிக்க முடியாது. கிளஸ்டர் தரவு இணையத்தில் இலவசம். அந்த நவம்பர் நாளின் அடர்த்தி, வேகம், புலம் மூன்றையும் நீங்களே வரைந்து எடுத்துப் போங்கள்.