ஏர் கன் கட்டைக்குப் புது மெருகு: தை மாதக் குறிப்புகள்

25.01.2025, சனி

ஏர் கன்னில் தோளில் பதிய வைத்துப் பிடிக்கும் மரப்பாகம்தான் கட்டை. இது தேக்கு. மேலே பூசியிருந்த பிரவுன் எனாமல் செதில் செதிலாக உரிகிறது. உள்ளே குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏறி நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்குரூவில் கை வைக்க வேண்டும். முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று, ட்ரிகர் வளையத்தில் ஒன்று. இந்த மாடலில் கட்டை இதோடு தனியாக வந்துவிடும். இரும்புக் குழாயைப் பிரிக்கவே கூடாது. ஸ்பிரிங் எப்போதும் ஓரளவு அழுத்தத்தில்தான் இருக்கும்.

கையுறை போட்டு, திறந்த வெளியில், பெயிண்ட் ரிமூவரைத் தடிமனாக அப்பி 20 நிமிடம் ஊறவிட்டது. பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் போதும். பிடியில் இருக்கும் கட்டம் போட்ட செதுக்கலில் பழைய டூத் பிரஷ் மட்டும். காஸ்டிக் சோடா மலிவுதான், ஆனால் தேக்கைக் கறுக்க வைத்துவிடும்.

26.01.2025, ஞாயிறு

இரும்பு உட்காரும் பள்ளம் முழுக்க எண்ணெய்க் கறை. சாக்பீஸ் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். பவுடர் மஞ்சளாக மாறுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் எந்தப் பசையும் ஒட்டாது.

பள்ளமாக அமுங்கிய இடங்களில் ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில விநாடி வைத்தால் போதும். நசுங்கிய நார் ஆவியில் உப்பி மேலே வரும். நார் அறுபட்ட வெட்டுக்காயம் இப்படி மேலே வராது, அதற்குப் பட்டிதான். பெயிண்ட் இருக்கும்போது செய்தால் ஆவி உள்ளே போகவே போகாது.

28.01.2025, செவ்வாய்

பிடிக்கு மேலே விரிசல். இரண்டு டியூபாக வரும் அரால்டைட் எபாக்சி பசையைக் கலந்து ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் தண்ணீராக இளகி உள்ளே இறங்கும். சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டியாயிற்று. வளைவான இடத்தில் எந்தக் கிளாம்பும் இதற்கு ஈடில்லை. ஒரு நாள் தொடக்கூடாது.

30.01.2025, வியாழன்

உப்புத்தாள் 120, 180, 240 என்று சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை. பின்னால் மரத்துண்டு வைத்து, மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். இரும்போடு சேரும் விளிம்பை வெறும் விரலால் தேய்த்தால் மழுங்கி, பூட்டும்போது இடைவெளி தெரியும். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்த நாரை 320-ல் எடுத்தது.

01.02.2025, சனி

பூச்சு. காலையில் பனி விலகாமல் எதையும் திறக்க வேண்டாம். என்.சி. லாக்கர் (தின்னரில் கரைத்து அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பால் போல வெளுத்துவிடும். டெல்டாவில் அந்த வம்பே வேண்டாம். டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தான். காய்ச்சாத பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் காயாது.

தேக்குக்குச் சொந்த எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் முதலில் தின்னரால் துடைத்து, அது பறந்ததும் முதல் கோட்: எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. 15 நிமிடம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் டப்பாவில் முக்கி வையுங்கள்.

எண்ணெய் வெளியே மட்டும் போதாது. பள்ளத்தின் உட்பக்கம், ஸ்குரூ துளை, பின்பக்க ரப்பருக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம் எல்லாவற்றுக்கும் அதே கோட். முக்கால்வாசிப் பேர் விடுவது இங்கேதான். ஐப்பசி மழையில் ஈரம் நுழைவதும் இந்த வழியாகத்தான். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் கட்டை முறுக்கும், ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு ஓடும்.

04.02.2025, செவ்வாய்

பக்கத்து வயலில் சம்பா அறுவடை மெஷின். பதர்த் தூசி ஈரப் பூச்சில் விழுந்தால் உப்புத்தாளைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். கதவைச் சாத்தி, டியூப் லைட்டை அணைத்து இரண்டாவது கோட். லைட் எரிந்தால் பூச்சி வந்து ஒட்டும். இனி கோட்டுக்குக் கோட் ஒரு நாள், பனி அதிகமானால் இரண்டு நாள். மொத்தம் ஐந்து போதும்.

பெயிண்ட்டே வேண்டும் என்பவர்கள் எண்ணெய்ப் பக்கம் போகாமல் 180-லேயே நிறுத்தி, வுட் பிரைமர் ஒன்று, எனாமல் மெல்லிசாக இரண்டு.

12.02.2025, புதன்

நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. ஸ்குரூ நுனியில் துளி கிரீஸ் தொட்டுப் பூட்டியாயிற்று. இறுக்கம் கையளவு போதும். அதிகம் திருகினால் ஒட்டிய விரிசலே மறுபடி வாய் திறக்கும். ரெக்சின் உறையில் போட்டு வைக்க வேண்டாம், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி சுற்றி, சுவரில் படாமல் நிறுத்தினால் சரி.